மீன்மேல் ஒரு கோடு

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, முதல் மாடியில், ‘பொதுமேசை’ என்று ஓர் இடம் இருக்கிறது. சொந்தமாக ஆபீஸ் போட முடியாதவர்களும், வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தோதுப்படாதவர்களும் மாத வாடகைக்கு அங்கே ஒரு நாற்காலியும் இன்டர்நெட்டும் எடுத்துக்கொள்ளலாம். நடுக்கூடத்தில் நீளமாக ஒரு மேசை. ஏசி உண்டு. பின்பக்கம் சின்னதாக ஒரு சாப்பாட்டு அறை, அதில் ஒரு மைக்ரோவேவ். நடத்துகிறவர் அறிவுச்செல்வன். துபாயில் சம்பாதித்ததை இதில் போட்டவர். ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஸ்ரீவத்ஸனுக்கு அங்கே ஜன்னலோரத்து நாற்காலி. பாபநாசம் பக்கத்தில் ஒரு காலத்தில் நிலபுலன் வைத்திருந்த குடும்பம். அப்பா காலத்திலேயே எல்லாம் கைமாறிவிட்டது, பிள்ளைகள் படித்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். இவன் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பல வருஷம் இருந்தான். மனைவி ஸ்ரீரஞ்சனிக்குத் தஞ்சாவூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் கூடவே வந்து, தனியாக டிசைன் வேலை செய்ய ஆரம்பித்தான். அரிசி மூட்டைக்கு மயில் வரைவான், பல் ஆஸ்பத்திரிக்குப் பல் வரைவான், கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையாரை விதவிதமாக வளைப்பான். வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும், சென்னையில் நாலு பேர் பேர் சொல்லும்படி இருந்தோமே என்ற நினைப்பு செருப்பில் மாட்டிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்தப் போட்டி அறிவிப்பு வந்தது. பல பேர் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் இடங்கள் உலகம் முழுக்கப் பெருகிவிட்டன. ஆஸ்பத்திரிக்கும் பெட்ரோல் பங்குக்கும் இருப்பதுபோல இவற்றுக்கும் ஒரு பொதுச் சின்னம் வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு அமைப்பு அறிவித்திருந்தது. எழுத்து இருக்கக்கூடாது. கறுப்பு வெள்ளையில் நிற்க வேண்டும். போனில் மேப்பைத் திறந்தால் மிளகு அளவுக்குத் தெரிந்தாலும் சரி, ரோட்டோரத்தில் பலகையாக நின்றாலும் சரி, எந்த ஊர்க்காரரும் பார்த்த மாத்திரத்தில் ‘இங்கே யாரும் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம்’ என்று புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீவத்ஸன் ஆடி மாதம் முழுக்க வரைந்து வரைந்து அழித்தான். லேப்டாப்பை வரைந்தால் கம்ப்யூட்டர் கடை மாதிரி இருந்தது. கைகளைக் கோத்து வரைந்தால் கட்சிச் சின்னம் மாதிரி இருந்தது. ஒன்றும் தேறாமல் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் கனகா வந்தாள்.

முப்பதுக்குள் வயது. முதுகில் பை, கையில் ஒரு டிபன் கேரியர். கூடத்து வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரும் தலை தூக்கவில்லை. நேராக வந்து ஸ்ரீவத்ஸனுக்கு எதிரே இருந்த நாற்காலியின் முதுகைத் தொட்டு, “இங்க யாராவது வராங்களா சார்?” என்று கேட்டாள். யாரும் இல்லை, உட்காருங்கள் என்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அந்தச் சத்தத்தில் அவனுக்குச் சின்னம் கிடைத்துவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு மேசை, அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அரை வட்டங்களாக, ஒரே ஒரு இடம் மட்டும் காலி. வருகிறவருக்கான இடம் அது. அன்று மதியமே அவளிடம் படத்தைக் காட்டி, இது உங்களால்தான் வந்தது என்று சொன்னான். அவள் சிரித்துவிட்டு, பரிசு வந்தால் தனக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கித் தரும்படி சொன்னாள்.

கனகாவுக்கு நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரு விசைப்படகு. இவள் காலேஜ் முடித்து, மெடிக்கல் கோடிங் பரீட்சை எழுதி, அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோய்க் குறிப்புகளை இன்ஷூரன்ஸ் கணக்குக்கு மாற்றும் வேலையில் இருந்தாள். வாரம் முழுக்கத் தஞ்சாவூரில் ஹாஸ்டல். சனிக்கிழமை ஊருக்குப் போய், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அம்மா கட்டிக் கொடுத்த கேரியரோடு நேரே மேசைக்கு வந்துவிடுவாள்.

நவராத்திரிக்கு ஸ்ரீரஞ்சனி அவளை வீட்டுக்குக் கூப்பிட்டாள். கனகா வந்து கொலுப் பார்த்து, சுண்டல் வாங்கிக்கொண்டு, வற்புறுத்தியதால் இருந்து சாப்பிட்டாள். வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டாள். கிளம்பும்போது தட்டைத் தானே கழுவப் போனவளை ஸ்ரீரஞ்சனி தடுத்தாள். ஸ்ரீவத்ஸன் வாசல்வரை கூடவே வந்து, தங்கள் வீட்டில் வித்தியாசமெல்லாம் பார்ப்பதே இல்லை, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்னான். அதை யாரும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். சொன்னபோது அது உண்மை என்றுதான் நம்பினான். சென்னை ஆபீஸில் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் நடுவே தயிர்சாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறான்.

கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டது. படகுகள் கடலுக்குப் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை கனகாவின் கேரியரில் இருந்தது கருவாட்டுக் குழம்பு. மழைக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். அவள் மைக்ரோவேவில் வைத்துச் சுட வைத்ததும் வாசனை சாப்பாட்டு அறையை விட்டுக் கிளம்பி, ஏசிக் காற்றோடு கூடம் முழுக்கப் பரவியது. அந்த நேரம் பார்த்து ஸ்ரீவத்ஸன் கும்பகோணத்து வாடிக்கையாளர் ஒருவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். இவன் ஒரு மாதம் மெனக்கெட்டு வரைந்ததைப் பார்த்து அந்த மனிதர், தன் மச்சான் பையன் இதைவிட நன்றாகப் போடுவான் என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். எரிச்சல் வாசனையாலா, அவமானத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை. போனை எடுத்து அறிவுச்செல்வனுக்கு ஒரு மெசேஜ் அடித்தான்.

மிகப் பதவிசாக அடித்தான். பொதுவான இடம் என்பதால் எல்லோருடைய வசதியையும் மனத்தில் வைத்துச் சில உணவு வகைகளைத் தவிர்க்கச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எழுதினான். யாரையும் புண்படுத்துவது நோக்கமில்லை என்று ஒரு வரி. கடைசியில், தன் பெயர் வெளியே வரவேண்டாம் என்று இன்னொரு வரி. அவன் அனுப்பி முடித்தபோது கனகா எதிரே வந்து உட்கார்ந்து, கைதுடைத்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே, கும்பகோணத்துக்காரர் என்ன சொன்னார் என்று அக்கறையாக விசாரித்தாள்.

அறிவுச்செல்வன் அன்று சாயங்காலமே போன் செய்தார். நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று, இன்னும் நாலு பேர் மனதில் வைத்துக்கொண்டு நாற்காலியைக் காலி செய்துவிட்டால் நான் என்ன ஆவது என்றார். இனிமேல் உள்ளே அசைவம் கூடாது என்று வைத்துவிடலாம். ஆனால் எழுதி ஒட்டினால் முரட்டுத்தனமாக இருக்கும், நீங்களே டீசன்ட்டாக ஒரு படம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். ஸ்ரீவத்ஸன் மறுத்திருக்கலாம். ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரத்தில் வரைந்து முடித்துவிட்டான். வட்டத்துக்குள் ஒரு மீன், குறுக்கே ஒரு கோடு. வாலின் வளைவு அவ்வளவு லட்சணமாக வந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்து ரசிக்கவும் செய்தான். வெட்கப்பட வேண்டிய விஷயங்களில் அவனுக்குப் பின்னால் அதிகம் உறைத்தது அந்த ரசனைதான்.

ஸ்டிக்கர் சாப்பாட்டு அறைக் கதவிலும் மைக்ரோவேவ் மேலும் ஏறியது. அடுத்த திங்கட்கிழமை கனகா கேரியரோடு அந்தக் கதவுவரை போய்விட்டு, திறக்காமல் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். கேரியரை மேசைக்கு அடியில் தள்ளினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“யார் சொல்லி வச்சாங்கன்னு தெரியல சார்,” என்றாள் மெல்ல. “ஆனா நல்லா வரைஞ்சிருக்காங்க.”

“நெட்ல எடுத்திருப்பாங்க,” என்றான் ஸ்ரீவத்ஸன்.

அதற்குப்பின் எல்லோருடைய பார்வையும் வசிஷ்ட் மேல் விழுந்தது. வசிஷ்ட் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போடுகிற இளைஞன். நெற்றியில் சந்தனமும் குங்குமமும், மதியம் சாப்பிடுமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் முணுமுணுப்பும் உண்டு. குறுந்தாடியும் கதர்க் குர்த்தாவுமாக எல்லோரோடும் சிரித்துப் பேசுகிற ஸ்ரீவத்ஸன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? வசிஷ்ட் சாராக இருக்குமோ என்று கனகா ஒருநாள் அவனிடமே கேட்டாள். ஸ்ரீவத்ஸன் உதட்டைப் பிதுக்கினான். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பிதுக்கல் போதுமானதாக இருந்தது. கனகா வசிஷ்டிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் நிறுத்தினார்கள். வசிஷ்ட் மதியம் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பேச்சு அடங்கிவிடும். அவன் மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

ஒருநாள் போனில் சிக்னல் தேடி ஸ்ரீவத்ஸன் மொட்டை மாடிக்குப் போனான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கனகா ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து, கேரியர் மூடியைத் தட்டாக வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதுகு இவன் பக்கம். தோளில் கிடந்த துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டிருந்தாள், வெயிலுக்கு. இவன் செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கி வந்துவிட்டான். கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் காது சுட்டது. அப்போதாவது அறிவுச்செல்வனிடம் போய்ப் பேசியிருக்கலாம். போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டான்.

போட்டிக்கு ஒரு விதி இருந்தது. சின்னத்தை முன்பின் தெரியாதவர்களிடம் காட்டி, அவர்களுக்கு என்ன புரிகிறது என்று கேட்டு அனுப்ப வேண்டும். அவன் அட்டைகள் அச்சடித்துக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். மேசையும் அரை வட்டங்களுமான படத்தைப் பார்த்து ஒருவர் கேரம் போர்டு என்றார். ஒரு காலேஜ் பெண் ஆமை என்றாள். திருவையாற்றுக்குப் போக நின்ற இருவர் கல்யாணப் பந்தி என்று சொல்லிவிட்டு, எந்த மண்டபம் என்று கேட்டார்கள். ஸ்ரீவத்ஸனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நாகப்பட்டினம் பஸ்ஸுக்காக மகளோடு உட்கார்ந்திருந்த, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவரிடம் அட்டைகளை நீட்டினான். கம்ப்யூட்டரில் இரண்டு படமும் ஒரே பக்கத்தில் கிடந்து சேர்ந்து அச்சாகியிருந்ததால் அந்த மீன் படமும் கட்டுக்குள் கலந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

அவர் மேசைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். மீன் படம் வந்ததும் யோசிக்கவே இல்லை.

“நாங்க வரக்கூடாதுன்னு போட்டிருக்கு,” என்றார். மகள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே, “வீடு வாடகைக்குக் கேட்டுப் போனா வாயால சொல்லுவாங்க. இப்பப் படமாவே போட்டாச்சா? எங்க தம்பி ஒட்டியிருக்கு இது?” என்று கேட்டார்.

ஒரு இடத்திலும் இல்லை, சும்மா மாதிரிக்கு வரைந்தது என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நடக்கும்போது அவனுக்கு ஒன்று புரிந்தது. உலகத்துக்கே புரிகிற மாதிரி ஒரு சின்னம் போட வேண்டும் என்று அலைந்தானே, அப்படி ஒன்றை அவன் ஏற்கெனவே போட்டுவிட்டான்.

மேசையின் கோடுகளைத் தடிமனாக்கி, காலி இடத்தின் பக்கம் ஒரு சின்ன அம்பு வைத்து, எப்படியோ சின்னத்தை அனுப்பினான். தை அறுப்பு ஓய்ந்த சமயத்தில் பதில் வந்தது. கடைசிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்த சிலவற்றில் அவனுடையதும் ஒன்று. அந்த இடத்தையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அறிவுச்செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை. சின்னத்தைப் பெரிதாக அச்சடித்து வாசல் கண்ணாடியில் ஒட்டினார். இங்கிலீஷ் சரளமாக வரும் என்று கனகாவையும் வசிஷ்டையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். கனகா உடனே சரி என்றாள். உங்கள் சின்னத்துக்காகப் பேசாமல் வேறு யாருக்காகப் பேசப் போகிறேன் சார் என்று கேட்டாள்.

அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. திரையில் வெள்ளை முடியோடு ஒரு பெண்மணி பொறுமையாகக் கேள்வி கேட்டாள். ஸ்ரீவத்ஸன் காலி நாற்காலியைப் பற்றி விளக்கினான். பிறகு இடத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். அறிவுச்செல்வன் லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னே போக, மற்றவர்கள் பின்னே போனார்கள். வாசல், கூடம், பிரிண்டர், கடைசியில் சாப்பாட்டு அறைக் கதவு. அந்தப் பெண்மணி அந்த மீன் என்ன, அழகாக இருக்கிறதே என்று கேட்டாள். அறிவுச்செல்வனுக்குப் பெருமை பொங்கியது. அதுவும் இதே டிசைனர் வரைந்ததுதான் என்றார். ஒரு மெம்பரின் சாப்பாட்டு வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று இவர்தான் முதலில் எடுத்துச் சொன்னார், சொன்னதோடு நிற்காமல் இவரே வரைந்தும் கொடுத்தார், அவ்வளவு பொறுப்பான மனிதர் என்றும் சேர்த்துச் சொன்னார். பெயர் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

ஸ்ரீவத்ஸன் தரையைப் பார்த்தான். டைல்ஸ் கடைக்காரர் சும்மா கொடுத்த, ஒன்றுக்கொன்று சேராத டைல்ஸ். அவற்றின் பூவேலையை எண்ணுவதுபோலக் குனிந்தே நின்றான். பக்கத்தில் கனகாவின் செருப்பு தெரிந்தது. அது நகரவில்லை. அந்தப்புறம் வசிஷ்ட் ஒரு முறை தொண்டையைச் செருமினான்.

அடுத்து கனகாவின் முறை. ஏதாவது சொல்லிவிட்டால் தேவலை என்று ஸ்ரீவத்ஸன் நினைத்தான். அவள் திரையைப் பார்த்து, தெளிவான இங்கிலீஷில், தான் இங்கே முதல்நாள் வந்து நாற்காலி கேட்டதையும், அதிலிருந்து இந்தச் சின்னம் பிறந்ததையும், புதிதாக வருகிற யாருக்கும் இது நம்பிக்கை கொடுக்கும் என்பதையும் முன்னால் ஒத்துக்கொண்டபடியே சொல்லி முடித்தாள். குரல் பிசிறவில்லை. நன்றி சொன்னாள். அழைப்பு முடிந்ததும் மேசைக்குப் போய்ச் சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டாள், கேரியரை எடுத்துக்கொண்டாள், படியிறங்கிப் போனாள். ஸ்ரீவத்ஸனிடம் ‘வரேன் சார்’ என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் வரவில்லை. அவன் அனுப்பிய மெசேஜைப் பார்த்தாள், பதில் போடவில்லை. நாற்காலியை விட்டுவிட்டதாக அறிவுச்செல்வனுக்கு மட்டும் தகவல் வந்தது.

ஸ்ரீரஞ்சனியிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். “நம்மாத்துக்கு வந்து சாப்ட்டுட்டுப் போனவ,” என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் நிறுத்தினாள். பிறகு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். நீயும் வருகிறாயா என்று கேட்டான். அதற்கு என்னைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி பேனாவைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினான். திருவாரூர் தாண்டுகிறவரை வழி நெடுக அறுத்த வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் அது அந்த மெசேஜ் மாதிரியே பதவிசாக வந்தது.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று, மேலே ஒரு அறை புதிதாக எழுப்பியிருந்தது. கதவைத் திறந்தது கனகாவின் அம்மா நீலாயதாட்சி. பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. கனகா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள், உங்கள் வீட்டில் சாப்பிட்டதை ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தாள் என்றாள். மகள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. ஃபேனைப் போட்டு, நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்துவிட்டு அந்த அம்மாள் வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கலர் பாட்டில். கடையிலேயே திறக்காமல் வாங்கி வந்து, ஓப்பனரையும் பக்கத்தில் வைத்தாள்.

“மூடி திறக்காத பாட்டில்தான் தம்பி,” என்றாள். “எங்க வீட்டு டம்ளர்ல எல்லாம் மீன் புழங்கின கை பட்டிருக்கும். நீங்க தயங்காமச் சாப்பிடுங்க.”

அந்த அம்மாள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வந்தவருக்குச் சங்கடம் வரக்கூடாதே என்ற கரிசனம்தான். ஸ்ரீவத்ஸன், வீட்டு டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டான். பரவாயில்லை தம்பி, எங்களுக்காகச் சொல்லாதீர்கள் என்று அவள் பாட்டிலை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள். அந்தக் கலரை அவன் குடித்தான்.

கனகா மேலேயிருந்து இறங்கி வந்தாள். அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அம்மாவை மேலே காயும் துணியை எடுக்க அனுப்பினாள். அம்மாவின் காலடிச் சத்தம் மேலே போய்ச் சேரும்வரை காத்திருந்தாள்.

“வாசனை பிடிக்கலன்னு நேரா சொல்லியிருக்கலாம் சார். எங்க வீட்ல கருவாடு வறுத்தா என் தங்கச்சியே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவா. நான் கொண்டுவராம இருந்திருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.”

“சொல்லியிருக்கணும்.”

“நீங்க சொல்லல. யாரோ சொன்ன மாதிரி ஆக்கிட்டீங்க. நான் உங்க எதிர்லயே உக்காந்து, யாரா இருக்கும்னு உங்ககிட்டயே கேட்டுட்டு இருந்திருக்கேன்.”

அவன் போட்டியிலிருந்து விலகிவிடுவதாகச் சொன்னான். வழியெல்லாம் யோசித்ததில் அது ஒன்றுதான் உருப்படியாகத் தோன்றியது.

“அது எதுக்கு? நான் கேட்டேனா?” என்றாள் கனகா. குரலை உயர்த்தவில்லை. “எனக்காக எதையோ விட்டுக்கொடுத்துட்டோம்னு நீங்க மனசைத் தேத்திக்க வேண்டாம். நீங்க செய்யணும்னா ஒண்ணு இருக்கு. வசிஷ்ட் சார்கிட்ட நான் மாசக்கணக்கா முகம் கொடுத்துப் பேசல. அவர்தான்னு நெனச்சேன். அது உங்களுக்குத் தெரியும். அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டாளா, கேட்டது காதில் விழுந்தது என்றாளா, அவனுக்கு விளங்கவில்லை. தஞ்சாவூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வசிஷ்ட் வரும்போதே ஸ்ரீவத்ஸன் படிக்கட்டில் காத்திருந்தான். சொல்லி முடிக்கும்வரை வசிஷ்ட் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“அன்னிக்கு வீடியோலயே தெரிஞ்சுடுத்து,” என்றான். “நான் முட்டை சாப்பிடறவன் சார். ரயிலடி பக்கத்துக் கடைல வாரத்துல ரெண்டு நாள் ஆம்லெட். எங்கம்மாக்குக்கூடத் தெரியாது. நான் போய் மீன் வாசனைன்னு சொல்லுவேனா? ஆனா யாரும் எங்கிட்டக் கேக்கலை. கேக்காதப்ப நானா போய் எப்படிச் சொல்லுவேன்? நீங்க எதிர்க்க உக்காந்துண்டு பாத்துண்டே இருந்தேள்.”

அவன் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டான். இது மன்னிப்பு இல்லை என்பதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

மதியம் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து ஸ்ரீவத்ஸன் சொன்னான். புகார் கொடுத்தது நான், பெயர் வேண்டாம் என்று சொன்னதும் நான், வசிஷ்டைச் சந்தேகப்பட்டபோது சும்மா இருந்ததும் நான் என்று சொன்னான். வார்த்தை தடுக்கித் தடுக்கி வந்தது. பிரிண்டர் பக்கத்தில் நின்ற ஒருவர், யார் சொன்னால் என்ன, விதி நல்ல விதிதானே என்றார். வேறொருவர் ஆமாம் போட்டார். அவர்கள் தன் பக்கம் பேசுகிறார்கள் என்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கடைசியில் அறிவுச்செல்வன் யாருக்கும் பொல்லாப்பு இல்லாமல் ஒரு வழி செய்தார். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு மைக்ரோவேவை அங்கே வைத்துவிடுவது, அங்கே யார் எதையும் சாப்பிடலாம். ஸ்ரீவத்ஸன் பிளேடை எடுத்து இரண்டு ஸ்டிக்கர்களையும் தானே சுரண்டினான். அந்த ஃபைலையும் அழித்துவிடும்படி அறிவுச்செல்வனிடம் கேட்டான். அவர் சங்கடமாகச் சிரித்தார். மயிலாடுதுறையில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்தும் சிநேகிதர் ஒருவர் கேட்டாராம், அனுப்பிவிட்டாராம். அவரிடமிருந்து இன்னும் யார் யாருக்குப் போயிற்றோ தெரியாது என்றார்.

போட்டியில் முதல் பரிசு வேறொரு தேசத்துக்குப் போயிற்று. ஸ்ரீவத்ஸனுக்குப் பாராட்டிதழ் ஒன்று வந்தது. அறிவுச்செல்வன் அதைச் சட்டம் போட வேண்டும் என்றார். அவன் வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி நிறுத்தினான்.

கனகா வசிஷ்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். ஸ்ரீவத்ஸனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. வசிஷ்ட் மேசைக் கோடியில் உட்கார்ந்து போனில் “சொல்லு கனகா” என்று ஆரம்பித்துச் சிரித்துப் பேசுவதிலிருந்து அவனாகத் தெரிந்துகொண்டான். அந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். பாட்டு எதுவும் ஓடாது.

வைகாசியில் கனகாவின் தங்கைக்குக் கல்யாணம். வசிஷ்ட் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டு, மறுநாள் ஒரு பெரிய பையோடு வந்தான். கல்யாண வீட்டு இனிப்புப் பொட்டலங்கள். மேசையைச் சுற்றி ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று வைத்துக்கொண்டே வந்தான். ஸ்ரீவத்ஸன் திரையில் ஏதோ ஒரு கோட்டை நேராக்குவதுபோல மும்முரமாக இருந்தான். அவன் முன்னாலும் ஒரு பொட்டலம் வந்து உட்கார்ந்தது.

“எல்லாருக்கும்னு குடுத்தா,” என்றான் வசிஷ்ட், முகத்தைப் பார்க்காமல், அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துகொண்டே.

அந்த எல்லாரில் தன்னையும் எண்ணித்தான் கொடுத்தாளா என்று கேட்க ஸ்ரீவத்ஸனுக்கு வாய் வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு லட்டு, கொஞ்சம் காராசேவு. மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கல்யாணம் எப்படி நடந்தது என்று வசிஷ்டை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவனும் தலையைக் குனிந்துகொண்டு, லட்டைச் சின்னச் சின்னதாகப் பிட்டு, ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.